உப்பு எத்தனை ஆண்டில் கம்பியைத் தொடும்?

தங்கச்சிமடத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அரசு நிலத்தில் தனியாரோடு சேர்ந்து ஏழைகளுக்கு வீடு கட்டினால், நம் கடற்கரையில் அவை எத்தனை காலம் நிற்கும்? எங்கள் தொகுப்பு வீட்டின் கூரை இப்போதே உதிர்கிறது. பூட்டன் கட்டிய சுண்ணாம்பு வீடோ அப்படியே நிற்கிறது."

திட்டத்தின் கணக்கு எளிது. நிலத்தை அரசு தந்துவிட்டால் வீடு மலிவாகும். மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட கொள்கையில் இதற்கு 8 வழிகள் உண்டு. அவற்றில் 6 அரசு நிலத்துக்கானவை. ஆனால் ஆயுளைத் தீர்மானிப்பது உப்பு.

தனுஷ்கோடியில் பவளப்பாறைக் கல்லால் எழுப்பிய தேவாலயச் சுவர்கள் 1964 புயலுக்குப் பிறகும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லும் சுண்ணாம்பும் துருப்பிடிப்பதில்லை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால்தான் உள்ளே கம்பி.

சிமெண்டின் காரத்தன்மையில் அந்தக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காக்கிறது. ஆனால் இங்கே சோளகம் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றில் உப்பு. அதிலுள்ள குளோரைடு அயனி நுண்துளை ஈரத்தில் ஊர்ந்து போய்ப் படலத்தைக் கிழிக்கிறது. அதன்பிறகு அது செய்வதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. இரும்பு அயனியோடு சேர்ந்து அதைக் கம்பியிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. இரும்பு துருவாகப் படிந்ததும் குளோரைடு விடுபட்டு மறுபடி கம்பிக்கே போகிறது, கப்பல் சரக்கைக் கரையில் இறக்கிவிட்டு அடுத்த நடைக்குத் திரும்பும் வள்ளம்போல. தான் மட்டும் தீர்வதே இல்லை. துருவோ இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் கேட்கிறது. உள்ளிருந்து நெம்பி, கம்பி ஓடும் வழியெல்லாம் விரிசல் விடுகிறது.

இதை மனைக் குற்றம் என்று நம்பி, கடன் வாங்கி நிலைவாசலை மாற்றிய குடும்பத்தை எனக்குத் தெரியும். கூரை உதிர்வது நிற்கவில்லை. அந்த யோசனை சொன்னவர் மேல் எனக்கு இன்றும் கோபம்.

அயனி நேர்கோட்டில் நடப்பதில்லை. முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று தட்டுத்தடுமாறி விரவுகிறது. அப்படி விரவும்போது தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனத்தைக் கட்டடக்காரர்கள் 'கவர்' என்பார்கள். 20 மில்லிமீட்டர் கவரைக் கடக்க உப்புக்கு 8 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ் 456 தர விதி கடலோரத்துக்குக் கேட்பது 45 மில்லிமீட்டர். அதைக் கடக்க 40 ஆண்டு! இரண்டரை சென்டிமீட்டரில் ஒரு தலைமுறை கூடுகிறது.

மண்டபம் பக்கம் ஒரு வேலையிடத்தில், கம்பியை அச்சுத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கம்பிக்கடியில் ஜல்லி செருகியிருந்தார்கள். கலவைச் சட்டியோடு ஆட்கள் மேலே நடந்ததும் ஜல்லி நழுவி, கம்பி சென்ட்ரிங் தகட்டிலேயே படுத்துவிட்டது. அந்த இடத்தில் உப்புக்குப் பயணமே இல்லை.

2016-இன் ரியல் எஸ்டேட் சட்டம் கட்டமைப்புக் குறைக்குக் கட்டுநரைப் பொறுப்பாக்குவது 5 ஆண்டு. நம் கணக்கில் உப்பு வந்து சேர்வது 8-ஆம் ஆண்டு. கட்டுநர் முதலில் செலவழிக்க, அரசு பிறகு ஆண்டுத் தவணையில் தரும் முறையும் அந்த 8 வழிகளில் இருக்கிறது. தவணையோடு பராமரிப்பையும் பிணைத்துவிட்டால், கவர் பிளாக் வைப்பதில் கட்டுநருக்கே லாபம் வந்துவிடும். நம் கரைக்கு அந்த வழியைத்தான் நான் ஏற்பேன்.

வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து காரைக்குடியில் உருவான மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் கடற்காற்றின் அரிப்பை ஆராய்ந்து வந்திருக்கிறது. இத்தகைய பொறுமையான ஆய்வுக்குத் தாராளமாக நிதி தர வேண்டும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டோம். ஏழை வீட்டுக்குச் சரியான கவராவது தரக்கூடாதா?

வாசகரே, உங்கள் ஊரில் அப்படியொரு வீடு எழும்பினால், கான்கிரீட் போடுவதற்கு முந்தின மாலை போய்ப் பாருங்கள். கலவைத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வையுங்கள். கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். சென்ட்ரிங் தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவே மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், மறுநாள் கலவை இயந்திரம் ஓடக்கூடாது.