ஜாஸ் ஒத்துவராது என்பவர்கள் எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

"முதலில் ஒரு மெட்டு வந்தது, அப்புறம் ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாசிக்கிறார்களே?" இசை ரசனை வகுப்புகளில் ஜாஸை முதன்முதலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. மெட்டு மறைந்துவிடுவது உண்மைதான், ஆனால் அதன் சட்டகம் மறைவதில்லை. 1950களின் ஜாஸில் பெரும்பாலும் முதலில் மெட்டு, பிறகு ஒவ்வொருவராக மனோதர்மம் (அந்தக் கணத்தில் கற்பனையாக வாசிப்பது), முடிவில் மறுபடி மெட்டு. நடுவிலுள்ள மனோதர்மமும் அதே மெட்டின் நீளத்தில், அதே கார்ட் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) வரிசையின் மேல்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. சுற்று எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாதவரைக்கும் அலுப்புத்தான் மிஞ்சும்.

அந்தச் சுற்றைத் தாங்கிப் பிடிப்பது டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம். அதன் கீழ்த்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ், மிகத் தாழ்ந்த ஒலி. போன் ஸ்பீக்கரில் அந்த அடிநாதம் கேட்காது. சாக்ஸபோன் மட்டும் அந்தரத்தில் அலைவதுபோல் இருக்கும். ஹெட்போன் இல்லாமல் ஜாஸ் பழகவே வேண்டாம்.

வரிகள் இருந்தால்தான் மனம் ஒட்டும் என்பவர்கள் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 1956 ஆல்பம் 'எல்லா அண்ட் லூயி'யில் தொடங்கலாம். மற்றவர்களுக்கு ஆர்ட் பிளேக்கி குழுவின் 'மோனின்' (1958). பாபி டிம்மன்ஸின் பியானோ ஒரு சின்ன வாக்கியம் சொல்லும், ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இரண்டே அடியில் 'ஆமாம்' போடும். ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்க வந்துவிடும்.

'மோனின்'ஐ மூன்று முறை கேளுங்கள். முதல் முறை மெட்டை மட்டும் வாயில் ஏற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை பேஸை மட்டும் தொடருங்கள். மூன்றாம் முறை, ட்ரம்பெட் தனியாக வாசிக்கும்போது மெட்டை மனசுக்குள் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேரும். தாளம் போடுகிறவர்கள் நான்கு எண்ணிக்கையில் 1, 3இல் தட்டாமல் 2, 4இல் தட்ட வேண்டும்; அழுத்தம் அங்கேதான் விழுகிறது.

டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' (1959) நம் காதுக்கு எளிதாக வசப்படும், ஐந்தெண்ணிக்கை என்பதால். ஆனால் கர்நாடக இசையின் ஐந்தெண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு பழகிய கை 'தக தகிட' (2+3) என்று போட்டால் இடறும். இங்கே 'தகிட தக': 3+2. டிரம்ஸ் தனி வரும்போதும் பியானோ அந்த ஐந்தை விடாமல் வாசித்துக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் டிரம்ஸ் வாசிக்கும் ஜோ மொரெல்லோ எங்கே தாண்டிப் போய் எங்கே திரும்புகிறார் என்பது தெளிவாகத் தெரியும். இந்தக் குழு 1958இல் இந்தியா வந்தபோது சென்னையிலும் வாசித்தது.

அடுத்தது மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' (1959). முதல் அரை நிமிடம் தாளமில்லாத முன்னுரை. பலர் இங்கேயே அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், பொறுத்திருங்கள். பிறகு பேஸ் மெட்டை வாசிக்க, மற்றவர்கள் இரண்டு கார்டில் பதில் சொல்வார்கள். சுற்று 32 பார் (நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார்): முதல் 16 ஒரே தளத்தில், அடுத்த 8 அரைச்சுரம் மேலே, கடைசி 8 பழைய இடத்துக்கு. சுரங்கள் கரகரப்பிரியா ராகத்தின் ஏழேதான், கமகம் (சுர அசைவு) இல்லாமல். மைல்ஸ் இரண்டு சுற்று வாசிக்கிறார். ஆக அந்த ஏற்றமும் இரண்டு முறை வரும். இரண்டையும் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டால் காது பழகிவிட்டது என்று அர்த்தம்.

காபிக்கடைப் பின்னணிக்கென்று தொகுத்த ஜாஸ் பட்டியல்கள் இதற்கு உதவாது. பேச்சுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாதென்றே தேர்ந்தெடுத்தவை அவை, மனதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆர்னெட் கோல்மனின் 37 நிமிட 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தையும் இப்போது தள்ளிவையுங்கள். மேலே சொன்ன கார்ட் சுற்று அதில் இல்லை. ஜான் கோல்ட்ரேனிடம் போக ஆசைப்பட்டால் 1961இல் வெளியான 'மை ஃபேவரிட் திங்ஸ்' சரியான வாசல். 13 நிமிடத்துக்கும் மேல் நீண்டாலும் மெட்டு நடுநடுவே திரும்பி வந்து கைகொடுக்கும்.