பிளாட்டி மீனின் கறுப்புப் புள்ளி

"பிளாட்டியும் ஸ்வார்டும் ஒரே தொட்டியில விட்டா கலந்து குட்டி போட்டுரும். பரவாயில்லீங்களா?"

சேலம் அஞ்சு ரோடு பக்கம் கலர் மீன் வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டது இது. பரவாயில்லை என்று என் மகள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கலப்பை வேண்டுமென்றே செய்து பார்த்தவர்கள்தான் புற்றுநோய் மரபணு வழியே வருவதைக் கண்ணெதிரே காட்டினார்கள் என்று அவளுக்கு வீட்டுக்கு வந்துதான் சொன்னேன்.

பிளாட்டி, ஆணுக்கு வாள்போல் வால் நீளும் ஸ்வார்ட் இரண்டுமே மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் உள்ள ஓடைகளைச் சேர்ந்தவை. முட்டையிடாமல் குட்டி போடும். சில பிளாட்டிகளுக்கு முதுகுத் துடுப்பிலோ விலாவிலோ மை தெறித்தாற்போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். கடையில் 'மிக்கி மவுஸ்' என்று விற்கும் பிளாட்டியின் வால் புள்ளியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சின்ன நிறமிச் செல்களால் ஆனது, சாது. நாம் பேசுவது பெரிய நிறமிச் செல்களால் ஆன புள்ளியைப் பற்றி.

1920களின் கடைசியில் அமெரிக்காவில் மைரன் கார்டனும், ஜெர்மனியில் கர்ட் கோஸ்விக், ஜார்ஜ் ஹாய்ஸ்லர் ஆகியோரும் தனித்தனியே இந்தப் புள்ளிக்கார பிளாட்டியை ஸ்வார்டோடு சேர்த்தார்கள். குட்டிகளுக்குப் புள்ளி இன்னும் பெரிதாகப் படர்ந்தது. அந்தக் குட்டிகள் வளர்ந்ததும் மறுபடி ஸ்வார்டோடு சேர்த்தபோது பிறந்தவற்றில் சிலவற்றுக்குப் புள்ளி கட்டியாகி, தசையைத் துளைத்து வளர்ந்தது. அதுதான் மெலனோமா, நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய்.

ஏன் சிலவற்றுக்கு மட்டும்? கணக்கு எளிது, பிளஸ் டூ படித்தவர் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு வீட்டில் தண்ணீர் மோட்டார் சுவிட்ச் கெட்டுப்போய் எப்போதும் ஓடப் பார்க்கிறது. ஆனால் ஃபியூஸைப் பிடுங்க ஆள் இருக்கிறார். அதுதான் பிளாட்டி. நிறமிச் செல்லை வளரச் சொல்லும் மோட்டார் மரபணு, ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோமில் இருக்கிறது, அடக்கும் மரபணு வேறொரு குரோமோசோமில். ஸ்வார்டின் வீட்டில் மோட்டாரும் இல்லை, ஆளும் இல்லை. அதற்கும் ஒரு குறையும் இல்லை. முதல் கலப்புக் குட்டிக்கு மோட்டார் ஒன்று, ஆள் ஒருவர். திரும்ப ஸ்வார்டோடு சேரும்போது இரண்டும் தனித்தனியே பங்கு பிரிகின்றன. நூறு குட்டிகளில் சுமார் 50க்கு மோட்டாரே வராது. 25க்கு இரண்டும் வரும், கறுப்பு கூடுதலாக இருக்கும், ஆபத்தில்லை. மிச்ச 25க்கு மோட்டார் மட்டும் வரும். கட்டி வருவது அவற்றுக்குத்தான்.

எனக்கு வியப்பு இதில்தான்: அந்த மரபணு வெளியிலிருந்து வந்ததல்ல. அழகான பிளாட்டிக்குள் தலைமுறை தலைமுறையாகச் சும்மா குடியிருந்தது.

மோட்டார் எது என்று 1989இல் ஜெர்மனியின் மான்ஃபிரெட் ஷார்ட்டில் குழு பிடித்தது. எக்ஸ்எம்ஆர்கே என்று பெயர். செல்லின் மேற்பரப்பில் நின்று, 'வளர்' என்ற சேதி வரும்வரை காத்திருக்கும் ஒரு ஏற்பிப் புரதத்துக்கான மரபணு, எப்போதோ மீனில் இரட்டித்துவிட்டது. அந்த இரண்டாம் நகலில் சில எழுத்துகள் மாறிப்போனதால் புரத மூலக்கூறுகள் சேதி வராமலே ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. உள்ளே 'வளர், வளர்' என்ற கட்டளை ஓயாது. அடக்கும் மரபணு எது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இழுபறி நெடுநாள் நீடித்தது.

பிறகு களம் வரிக்குதிரை மீனுக்கு மாறியது. கடையில் 'ஜீப்ரா' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். இது நம் நாட்டுக்காரன்தான். கங்கை மீன்களைப் பற்றி எழுதிய ஹாமில்டன் 1822இல் இதை விவரித்தார். மனித மெலனோமாக்களில் ஏறத்தாழப் பாதியில் பிராஃப் என்ற மரபணு மாறியிருக்கும். 2005இல் அந்த மாறிய மரபணுவை இந்த மீனுக்குள் வைத்தார்கள். மச்சம்தான் வந்தது. பி53 என்ற காவல் மரபணுவும் பழுதான மீன்களில் மெலனோமாவே வந்தது. மோட்டாரும் ஆளும் இங்கேயும் உண்டு.

ஏற்காடு போகும்போது யாராவது தொப்பியை எடுத்து நீட்டுவார்கள். மலை உயர உயரப் புற ஊதாக் கதிர் கூடும் என்பது சரிதான். ஆனால் நம்மைப் போல் கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அரிது. வந்தாலும் வெயிலே படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது அதிகம். ஏன் அங்கே?

2022இல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மைய ஆய்வாளர்கள் வரிக்குதிரை மீனிடம் இதைக் கேட்டார்கள். உள்ளங்கால் மெலனோமாவில் அளவுக்கு மீறிப் பெருகும் சிஆர்கேஎல் என்ற மரபணுவை மீனின் நிறமிச் செல்களில் ஏற்றினார்கள். கட்டி உடம்பைவிட, நம் கை காலுக்கு ஈடான துடுப்பில்தான் அதிகம் முளைத்தது. கருவில் கை கால் எங்கே நீள வேண்டும் என்று குறித்துக் கொடுக்கும் மரபணுக்களின் சுவடு அந்த இடத்து நிறமிச் செல்களில் மிச்சமிருக்கிறது. சிஆர்கேஎல் அதோடு கைகோத்துக்கொள்கிறது. முதுகிலுள்ள நிறமிச் செல்லுக்கு அந்தச் சுவடு கிடையாது.

எங்கள் வீட்டுத் தொட்டியில் குட்டிகள் பிறந்து மூன்று வாரமாகிறது. பதினொன்று. ஒன்றுக்குக்கூட இன்னும் கறுப்பு விழவில்லை. மகள் தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறாள்.