ஓடைக்கரையில் எதை நடுவது?

நீலகிரியில் ஓர் ஓடை வற்றினால், "மரம் நடுவோம்" என்று கிளம்பிவிடுகிறோம். இந்த மலைக்கு அது பாதிதான் சரி. இங்கே சரிவில் புல், மடிப்பில் சோலைக்காடு என்பதுதான் இயல்பான அமைப்பு. சரிவையும் மரத்தால் நிரப்பினால் என்ன ஆகும் என்று ஊட்டி அருகே கிளென்மார்கனில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். புல்வெளியில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட முதல் 10 ஆண்டுகளில் ஓடைக்கு வந்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்த்து வளர்ந்தபோது இழப்பு இன்னும் கூடியது. ஆக, ஓடையை மீட்கும் வேலை மேலே புல்லில் தொடங்குகிறது.

கரைக்கு வந்தால், அங்கும் முதல் வேலை மரத்துக்கு இல்லை, கோரைக்குத்தான். ஒரு கோரைத் தூரைப் பெயர்த்துப் பாருங்கள். மயிரிழை போன்ற வேர்களோடு கை நிறைய மண்ணும் வரும், உதறினாலும் லேசில் உதிராது. வெள்ளம் வரும்போது தாள்கள் ஓட்டத்தோடு படுத்துக் கரையை மூடிக்கொள்கின்றன. வேகம் தணிந்த நீர், சுமந்து வந்த வண்டலை அங்கேயே இறக்கிவிட்டுப் போகிறது. பெரணியும் காட்டுக் காசித்தும்பையும் வேரூன்ற அந்த வண்டல் போதும். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லும் இத்தகைய சதுப்பில் வளர்வதுதான். நீலகிரிக்கே உரிய இனம்; சதுப்பு காய்ந்தால் அதுவும் போச்சு.

மரத்தின் பங்கு அதற்குப் பிறகு. நாவல் வகை மரங்களின் நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது. உதிரும் இலை நீருக்குள் உணவாகிறது. ஓடைக்கல்லைப் புரட்டினால் இலைத்துணுக்கையும் மணலையும் ஒட்டிக் குழல்போல் கூடு கட்டிய புழுக்கள் தெரியும். அவற்றில் பல அந்த இலையைக் கொறித்தே வாழ்கின்றன, மீனும் தவளையும் அவற்றைத் தின்கின்றன.

சோலை மரம் வளர்ப்பதில் அவசரம் செல்லாது. நாவல் விதை உலர்ந்தால் செத்துவிடும். பழம் விழுந்த கையோடு நாற்றங்காலில் ஊன்ற வேண்டும். வெட்டவெளியில் நட்ட கன்றை மார்கழி உறைபனி கருக்கிவிடும். அதனால், வெளிநாட்டிலிருந்து வந்தவை என்றாலும், கரையோரச் சீகை (வாட்டில்) மரங்களை ஒரேயடியாக வெட்டுவது புத்திசாலித்தனம் அல்ல என்பேன். கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. மொத்தமாக வெட்டி வெயில் விழுந்தாலோ, மண்ணில் பல்லாண்டுகளாக உறங்கும் சீகை விதைகள் திபுதிபுவென்று எழும். கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, இடைவெளியில் சோலைக் கன்றை விடுவதே நல்லது.

ஆரம் லில்லி விஷயத்தில் மட்டும் இந்தத் தயவு வேண்டாம். சுற்றுலாப் பயணிகள் அருகில் நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளைப் பூ தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. சதுப்பில் புகுந்தால் கோரைக்கு இடமே விடாது. மேலே அறுத்தால் போதாது, கிழங்கோடு தோண்ட வேண்டும். அதுவும் ஓடையின் தலைப்பிலிருந்து தொடங்க வேண்டும். இல்லையென்றால் மேலிருந்து மிதந்து வரும் கிழங்குத் துண்டு, சுத்தம் செய்த கரையிலேயே மறுபடி ஒதுங்கி முளைக்கும்.