ஏஐ எழுதும், எடிட்டர் ஓடும்

கோட் எடிட்டரில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம் "ஆர்டர்ஸ் டேபிளில் எத்தனை வரிசை இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். டேட்டாபேஸோடு இணைப்பு இல்லையென்றால் அதற்குத் தெரிய வழியில்லை. சில நேரம் கூசாமல் ஒரு எண்ணை அடித்தும் விடும். நிஜமான எண் வேண்டுமானால், கேட்கும் வேலையை டேட்டாபேஸில் செய்து தரும் ஒரு சின்ன புரோகிராம் நடுவில் வேண்டும். அதுதான் டூல் சர்வர். அதை இணைத்த பிறகும் மாடல், அதாவது உதவியாளருக்குள் இருக்கும் ஏஐ, டேட்டாபேஸைத் தொடுவதில்லை. அதற்குத் தெரிந்தது எழுதுவது மட்டும்தான். ஓடியாடி வேலை பார்ப்பது எடிட்டர்.

இந்த இணைப்புக்கு இப்போது பரவலாகப் பயன்படுவது எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்னும் நெறிமுறை. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. எடிட்டரும் நிரல்மொழிக் கருவிகளும் பேசிக்கொள்ள 2016-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்தான் இதற்கு முன்மாதிரி. இரண்டிலும் செய்திகள் ஜேசன்-ஆர்பிசி 2.0 என்னும் எழுத்து வடிவில்தான் போகின்றன.

சர்வரை எந்தக் கட்டளையால் தொடங்க வேண்டும் என்று செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி வைத்தால், எடிட்டரே அதைக் கிளப்பிவிடும். தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் கட்டளைக்குப் பதில் ஒரு இணைய முகவரி. முதலில் எடிட்டரும் சர்வரும் நெறிமுறையின் எந்தப் பதிப்பில் பேசுவது என்று ஒத்துக்கொள்ளும். அப்புறம் எடிட்டர், "உன்னிடம் என்னென்ன டூல் இருக்கிறது?" என்று கேட்கும். ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், என்ன உள்ளீடு தேவை என்ற விவரம் வரும். உங்கள் கேள்வியோடு இந்தப் பட்டியலையும் சேர்த்து எடிட்டர் மாடலிடம் நீட்டும்.

மாடல் அதைப் படித்துவிட்டு, 'வரிசை_எண்ணு, டேபிள்: ஆர்டர்ஸ்' என்பதுபோல ஒரு சீட்டு எழுதித் தரும். எடிட்டர் வழக்கமாக உங்களிடம் அனுமதி கேட்டுவிட்டு, அதைச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் தரும் விடை உரையாடலில் சேரும். மாடல் எல்லாவற்றையும் திரும்பப் படித்து உங்களுக்குப் பதில் எழுதும்.

எந்த டூலை எடுப்பது என்று மாடல் முடிவு செய்வது பெரும்பாலும் அந்த விளக்கத்தை வைத்துத்தான். 'தகவல் தரும்' என்று மொட்டையாக எழுதினால் தேவையான நேரத்தில் அதைக் கண்டுகொள்ளாது. அதற்காக ஐம்பது டூலை அடுக்கினால், மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடத்தை அத்தனை விளக்கமும் தின்னும்.

நான் முதலில் எழுதிய சர்வர் இணையவே இல்லை. 'தொடங்கியாச்சு' என்று ஒரு பிரிண்ட் வரி போட்டிருந்தேன், அவ்வளவுதான். நம் கணினியிலேயே ஓடும் சர்வருக்கு, பிரிண்ட் வரிகள் போய்ச்சேரும் ஸ்டாண்டர்ட் அவுட்புட்தான் எடிட்டரோடு பேசும் குழாய். அதில் ஜேசன் அல்லாத எதுவும் வரக்கூடாது. அந்த வரியை, பிழைச் செய்திகளுக்கான தனிக் குழாயான ஸ்டாண்டர்ட் எரருக்கு மாற்றியதும் சரியானது.

இன்னொரு சிக்கல் இதைவிட மோசம். டேபிளின் ஏதோ ஒரு வரிசையில் 'எல்லாவற்றையும் அழித்துவிடு' என்று யாராவது எழுதி வைத்திருந்தால், மாடல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதற்கு எல்லாமே எழுத்துதானே! அதனால் சர்வருக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள தனி டேட்டாபேஸ் கணக்கைத்தான் கொடுக்கிறேன். மாடல் டெலீட் என்று எழுதி, அவசரத்தில் நானும் அனுமதி பட்டனை அழுத்திவிட்டால்கூட, டேட்டாபேஸ் மறுத்துவிடும்.