புளியமரத்தடியில் மூச்சு முட்டாது, ஏரிக்குள் முட்டும்

பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் இரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறார். முதல் கேள்வி, புளியமரத்தைப் பற்றி. ராத்திரியில் மரம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடுகிறது, அதனால்தான் அதன் அடியில் படுப்பவர்களைப் 'பேய் அமுக்குகிறது' என்கிறார்களே, சரிதானா? இரண்டாவது, அவர் ஊர் ஏரியைப் பற்றி. கோடையில் ஒருநாள் விடியும்போது கட்லாவும் ரோகுவும் கூட்டமாகச் செத்து மிதந்திருக்கின்றன. மீன்பாசி குத்தகை கிடைக்காதவர்கள் மருந்து கலந்துவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. தண்ணீரைச் சோதித்தவர்களோ ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

அவர் தனித்தனியாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். பச்சை இலை வெயிலை வாங்கி நீரைப் பிளக்கிறது, ஆக்சிஜன் வெளியே வருகிறது. அந்த ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதில்லை, நீரிலிருந்துதான் வருகிறது என்பதை 1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ரூபன், கேமன் குழுவினர் கனமான ஆக்சிஜன் அணுக்களை அடையாளமாக வைத்துக் காட்டினார்கள். வெளிச்சம் இல்லையென்றால் நீர் பிளப்பதும் இல்லை. எனவே அரசமரம் இருபத்துநாலு மணி நேரமும் ஆக்சிஜன் தருகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்ப வேண்டாம். சுவாசம் மட்டும் எல்லா உயிருக்கும் இரவும் பகலும் உண்டு. மரமும் அதற்கு விலக்கல்ல.

அப்படியானால் புளியமரம் ராத்திரியில் ஆக்சிஜனை இழுக்கிறதா? இழுக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி. தோராயமாகக் கணக்குப் போட்டால், ஒரு பெரிய மரத்தின் இலைகள் மொத்தமும் இழுப்பது, தூங்கும் ஓரிரு ஆட்கள் இழுக்கும் அளவுதான். திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் பத்துப் பேருடன் ஒரே அறையில் படுப்பது இதைவிட மோசம். மேலும் அது திறந்த வெளி. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 270 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது, குறைந்த இடத்தைப் பக்கத்துக் காற்று உடனே நிரப்பிவிடும். 'அமுக்குவது', மூளை விழித்த பிறகும் உடல் தூக்கத்திலிருந்து விடுபடாத நிலை. மெத்தையில் படுத்தவர்களுக்கும் வரும். எனக்குப் பேயைவிட இந்தக் 'கரியமில வாயு விளக்கம்' மேல்தான் கோபம் அதிகம். மூடநம்பிக்கைக்கு அறிவியல் சட்டை போட்டுவிட்டால் அதைக் கழற்றுவது இன்னும் கஷ்டம்.

காற்றில் இவ்வளவு ஆக்சிஜன் சேர்ந்ததே பெரிய கதை. செடிகள் ஓராண்டில் வெளியிடுவதை ஏறக்குறைய முழுவதுமாக அதே ஆண்டில் உயிர்களின் சுவாசமும் மக்கலும் தின்றுவிடும். மக்காமல் மண்ணுக்குள்ளும் கடலடியிலும் புதைந்த துளி மிச்சம்தான் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து இன்றைய 21 சதவீதம் ஆகியிருக்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் ஆக்சிஜன் நிலைக்கவே தொடங்கியது. அதிலும் ஒரு பங்கைப் பாறை வாங்கிக்கொள்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரிச் செம்மண்ணின் சிவப்பு, பாறையிலிருந்த இரும்பு ஆக்சிஜனுடன் சேர்ந்ததால் வந்த துரு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்களே, அப்படிப்பட்ட பழைய உலைகளில் நடந்ததெல்லாம் தாதுவிலிருந்த ஆக்சிஜனைக் கரியால் பிடுங்கி, கரியமில வாயுவாக மறுபடி காற்றுக்கே அனுப்பும் வேலைதான்.

சரி, ஏரிக்கு வருவோம்.

ஒரு கன மீட்டர் நீரில், 25 டிகிரியில், காற்றிலிருந்து எவ்வளவு கரைந்தாலும் ஆக்சிஜன் எட்டு கிராம் சொச்சம்தான். காற்றில் 270, நீரில் 8. அதுவும் சூடு ஏற ஏறக் குறையும்: 10 டிகிரியில் 11 கிராம், 30 டிகிரியில் ஏழரை. கோடையில் மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும், அப்போது பார்த்துத்தான் நீர் கையை விரிக்கும். போதாததற்கு, நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. மேலே காற்று நிறைய இருந்தாலும், அலையோ ஓட்டமோ இல்லாத ஏரியில் அது கீழே வந்து சேராது.

இப்போது அந்த ஏரியில் சாக்கடையும், வயலிலிருந்து கழுவி வரும் யூரியாவும் டிஏபியும், மீனுக்கென்று கொட்டிய கோழி எருவும் சேரட்டும். நுண்பாசி பெருகி நீர் பச்சைக் கூழாகும். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை தெரியாது. பகல் மூன்று, நான்கு மணிக்கு இந்த ஏரியில் அளந்தால் ஆச்சரியமாக இருக்கும்: கரையக்கூடிய எட்டு கிராமைத் தாண்டிப் பதினைந்துகூட இருக்கும். அவ்வளவும் பாசி பிளந்த நீரின் ஆக்சிஜன். பொழுது சாய்ந்ததும் பிளப்பு நிற்கிறது, மூச்சு நிற்பதில்லை. பாசி இழுக்கிறது, சேற்றில் மக்கலைத் தின்னும் பாக்டீரியா இழுக்கிறது, மீனும் இழுக்கிறது. இதில் மீனின் பங்கு கொஞ்சம்தான். பெருந்தீனிக்காரர்கள் மற்ற இருவரும். மணிக்கு மணி இறங்கி, சூரியன் வருவதற்குச் சற்று முன் அளவு அடிமட்டத்தைத் தொடும். இரண்டு மூன்று நாள் மேகமூட்டமாக இருந்துவிட்டால் பகல் வரவு குறையும், ராத்திரிச் செலவு மட்டும் அப்படியே இருக்கும். அந்த விடியலில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்புற நீரில் மட்டும்தான் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

விஷமா, மூச்சுத்திணறலா என்று செத்த மீனே சொல்லிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் பெரும்பாலும் பெரிய மீன்கள் முதலில் போகும். விராலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பிழைத்துக் கிடக்கும், அவற்றால் காற்றையே நேராக விழுங்கிச் சுவாசிக்க முடியும். விஷம் இப்படி ஆள் பார்த்தோ மணி பார்த்தோ வேலை செய்வதில்லை.

பிறகு சோதனையில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? நீரை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள். பதினொரு மணி என்றால், அதற்குள் பாசி நாலைந்து மணி நேரம் வெயிலில் வேலை பார்த்திருக்கும். ஆக்சிஜன் திரும்ப ஏறி, தடயம் அழிந்திருக்கும். கேனில் அள்ளி பைக்கில் குலுக்கிக்கொண்டு போனால் வழியிலேயே புதுக் காற்றும் கரையும். இதற்கு 1888-ல் ஹங்கேரிக்காரர் லாயோஷ் விங்க்லர் ஓர் அழகான வழி கண்டுபிடித்தார். கண்ணாடி மூடியுள்ள புட்டியில் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டும், காரம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடும் சில துளிகள் விட்டு, மூடிக் கவிழ்த்தெடுக்க வேண்டும். வெள்ளையாகத் திரளும் வண்டல், ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக மாறும். இல்லையென்றால் வெள்ளையாகவே படியும். இப்படி அந்த இடத்திலேயே சிறைப்பட்ட ஆக்சிஜனைப் பிறகு ஆய்வகத்தில் நிதானமாக அளந்துகொள்ளலாம். மாவட்டத்துக் கல்லூரி ஆய்வகங்களுக்கு இந்த ரசாயனங்கள் புதிதல்ல. ஏரிக்கரையில் நடைபாதைக்கும் மின்விளக்குக்கும் பணம் ஒதுக்குகிறோம். மாணவர்கள் காலை ஐந்து மணிக்கு இந்தப் புட்டியுடன் ஏரிக்குப் போக ஒரு சின்னத் தொகை ஒதுக்கினால் பாதி ஊர்ச் சண்டை தீரும் என்பது என் எண்ணம்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலங்களில் பொங்கும் நுரையைப் பார்த்து 'காற்று நன்றாகக் கலக்கிறது' என்று நினைத்துவிடக் கூடாது. அது பெங்களூருப் பக்கத்துக் கழிவில் வரும் சோப்பின் வேலை. அந்தக் கழிவை மக்கவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுகொண்டேயிருக்கும். ஒகேனக்கல்லில் காவிரி பாறையில் மோதிச் சிதறுவதுதான் நிஜமான காற்றேற்றம்.

பண்ணைக்குட்டையில் மீன் விட்டிருப்பவர்கள் செய்யக்கூடியதும் அந்தச் சிதறலைத்தான். மேகமூட்டமான நாளில் எருவும் தீவனமும் போடுவதை நிறுத்திவிட்டு, நள்ளிரவு தாண்டியதிலிருந்து நன்றாக வெயில் ஏறும்வரை மோட்டாரையோ காற்றூட்டும் சக்கரத்தையோ ஓட்டி நீரைத் தெறிக்கவிட வேண்டும். பகலில் கரண்ட் இருக்கிறதே என்று மூன்று மணிக்கு ஓட்டினால் விளைவு தலைகீழ். பாசி அளவுக்கு மீறிக் கரைத்து வைத்திருக்கும் ஆக்சிஜன்தான் அந்தத் தெறிப்பில் காற்றுக்குத் தப்பிப் போகும்.