திருடனும் திருடினவனும்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனின் கணக்கு நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார் ஒரு வாசகி. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ‘நான் மக்கு’ என்று எழுதியிருக்கிறான். அழுத்தி எழுதியதில் பின்னட்டை வரைக்கும் தடம் விழுந்திருக்கிறது. “திட்டியும் பார்த்துவிட்டேன், கொஞ்சியும் பார்த்துவிட்டேன். இது எப்படி ஒட்டிக்கொள்கிறது, எப்படிப் போகும்?” என்று கேட்டிருந்தார்.

1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர், மனச்சோர்வு உள்ளவர்களின் எண்ணங்களில் திரும்பத் திரும்ப வரும் கோணல்களைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் அறிவாற்றல் சிகிச்சை. அந்தச் சிகிச்சைக்காரர்கள் சொல்லும் கோணல்களில் ஒன்று, முத்திரை குத்துவது. ஒரு செயலை எடுத்து முழு ஆளுக்கும் பெயராக வைத்துவிடுகிறோம். அடுத்தவர் விஷயத்திலும் அப்படித்தான். நான் தாமதமாக வந்தால் பஸ் கிடைக்கவில்லை. அவர் தாமதமாக வந்தால் பொறுப்பில்லாதவர். இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்ததுதான். அந்தப் பெயர்ச்சொல் மனதுக்குள் செய்யும் வேலைதான் எனக்கு அலுக்காத விஷயம்.

1999இல் சூசன் கெல்மன், கெயில் ஹேமன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஒரு குட்டிக் கதை சொன்னார்கள். ரோஸுக்கு எட்டு வயது. அவள் நிறைய கேரட் சாப்பிடுவாள். பாதிப் பேரிடம், எப்போது கிடைத்தாலும் சாப்பிடுவாள் என்று மட்டும் சேர்த்துச் சொன்னார்கள். மீதிப் பேரிடம் ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் சொன்னால் ‘கேரட்தின்னி’. அப்புறம் கேள்விகள்: வளர்ந்த பிறகும் கேரட் சாப்பிடுவாளா? வீட்டில் தடுத்தால் நிறுத்துவாளா? பெயரைக் கேட்ட குழந்தைகள்தான் ரோஸ் மாற மாட்டாள் என்று அதிகம் நம்பினார்கள். அதே ரோஸ், அதே கேரட். ஒரே ஒரு சொல் கூடியதில் பழக்கம் பிறவிக்குணம் ஆகிவிட்டது.

ஏன் இப்படி? இங்கேதான் நம் பள்ளி இலக்கணம் கைகொடுக்கிறது. ‘திருடினவன்’ வினையாலணையும் பெயர். பெயராக மாறிய பிறகும் காலத்தை வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. நடுவில் இருக்கும் ‘இன்’ இறந்தகால இடைநிலை; என்றோ ஒருநாள் திருடினான், அவ்வளவுதான். ‘திருடன்’ என்று சொல்லிப் பாருங்கள். இடைநிலை போய்விட்டது, அதோடு காலமும் போய்விட்டது. நேற்றும் திருடன், நாளைக்கும் திருடன். ‘குடித்தவன்’ ‘குடிகாரன்’ ஆவதும், ‘பொய் சொன்னவள்’ ‘பொய்க்காரி’ ஆவதும் இதே வழியில்தான். இந்த ஜோடிச் சொற்களை வைத்து நம் குழந்தைகளிடமும் ரோஸ் சோதனையை நடத்த வேண்டும் என்பது என் ஆசை. நாலு படக்கதையும் பொறுமையான ஓர் ஆய்வு மாணவரும் போதும். நம் பல்கலைக்கழகங்கள் இதற்கெல்லாம் பணம் ஒதுக்க வேண்டும்.

நல்ல பெயர் வைத்தாலும் சிக்கல் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறு குழந்தைகளை ‘உதவியாளராக இரு’ என்று ஊக்கப்படுத்திப் பார்த்தார்கள். உதவப் போன இடத்தில் காரியம் சொதப்பியதும், ‘உதவி செய்’ என்று மட்டும் கேட்டிருந்த குழந்தைகளைவிட இவர்கள் அதிகம் துவண்டார்கள். அதனால் ‘மக்கு’வை அழித்துவிட்டுக் ‘கெட்டிக்காரன்’ என்று எழுதுவது சரியான மாற்று இல்லை.

இதில் எனக்குக் கோபம் வருவது ஒரு இடத்தில். ‘மூல நட்சத்திரத்துப் பெண்’, ‘ராசியில்லாதவள்’ என்று நம் ஊரில் ஒட்டும் முத்திரைகளுக்கு அடியில் ஒரு செயல்கூடக் கிடையாது. அந்தப் பெண் எதையும் செய்வதற்கு முன்பே பெயர் வைத்தாயிற்று. திருத்திக்கொள்ளக்கூட அவளுக்கு ஒன்றும் இல்லை. இது அநியாயம்.

சரி, அந்த நோட்டுக்கு வருவோம். பெயரை அழிக்க வேண்டாம். காலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். என்றைக்கு, எங்கே, என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். கணவரைக் ‘கஞ்சன்’ என்று நினைக்கும்போதும் இதே கேள்விதான்: எந்த நாள், எந்தச் செலவு? பையனின் அம்மாவிடம் அவனுடைய கணக்குத் தேர்வுத்தாளையும் கேட்டு வாங்கினேன். மூன்று கணக்கு தப்பு, மூன்றும் பின்னக் கூட்டல். 1/2 + 1/3 = 2/5 என்று போட்டிருக்கிறான். அப்படியானால் ‘நான் மக்கு’ என்பதற்குக் கீழே அவன் எழுத வேண்டியது இது: “செவ்வாய்க்கிழமைத் தேர்வில் பகுதிகளைச் சமமாக்காமல் மேலேயும் கீழேயும் கூட்டிவிட்டேன்.”