டெலூஷன்: மருட்சியா, திரிபா, பிறழ்நம்பிக்கையா?

மனநல மருத்துவத்தில் வரும் 'டெலூஷன்' (delusion) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? இந்தச் சொல்லின் வேர் லத்தீன். ஒருவருக்கு விளையாட்டுக் காட்டி ஏய்ப்பது என்று அதற்குப் பொருள். மனநல மருத்துவத்தில் ஏய்ப்பவர் என்று யாரும் இல்லை. எந்தச் சான்றைக் காட்டினாலும் அசையாத, நம்புபவர் சார்ந்த சமூகமோ சமயமோ ஏற்காத நம்பிக்கைக்கே இந்தப் பெயர்.

தமிழில் பலர் 'மருட்சி' என்று எழுதுகிறார்கள். "பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்" என்கிறது குறள் 351. பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பருக்கு இளமையில் மருள்நீக்கியார் என்றே பெயர். பொருள் அருமையாகப் பொருந்துகிறது. இன்றைய வழக்குதான் இடிக்கிறது. மருண்ட பார்வை என்றால் பயந்த பார்வை. திருவிழாவில் மருள் வந்தது என்றால் சாமி வந்து ஆடுவது. ஊரே அதை ஏற்கும், உடுக்கை ஓய்ந்தால் அடங்கும், அது நோயில்லை.

'திரிபு'ம் சரிவராது. கயிற்றைப் பாம்பென்று கண்டவர் விளக்கு வந்ததும் தெளிவார். அது புலனின் பிழை, இல்யூஷன். டெலூஷனிலோ விளக்கு வந்தாலும் பாம்பு போகாது.

ஆகவே 'பிறழ்நம்பிக்கை' என்பதே என் தேர்வு. ஆனால் அதைப் 'பொய்யான நம்பிக்கை' என்று விளக்கிவிடக் கூடாது. கடலூர் சிப்காட் ஓரத்தில் இருவர் "எங்க தண்ணியில ஏதோ கலந்திருக்கு" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாற்றத்தைச் சொல்கிறார். பக்கத்து வீட்டாரும் அதையே சொல்கிறார்கள். பரிசோதனைக்குக் கொடுக்கவும் தயார். மற்றவர், "தெருவிளக்கு மூணு தடவை அணைஞ்சு எரிஞ்சுது, அப்பவே புரிஞ்சுபோச்சு, என்னைக் கொல்லத்தான் கலக்குறாங்க" என்கிறார். நீரில் உண்மையிலேயே கழிவு இருந்தாலும் இரண்டாமவருடையது பிறழ்நம்பிக்கைதான். மனைவி உண்மையிலேயே துரோகம் செய்திருந்தாலும் கணவனின் சந்தேகம் நோயாக இருக்கலாம் என்று, மருத்துவராக இருந்து மெய்யியலாளரான கார்ல் யாஸ்பர்ஸ் இதையே சொன்னார். 1913-இல் அவர் வைத்த கோடு இது: முதலாமவரின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால் அவர் எண்ணம் வந்த வழி புரியும், இரண்டாமவரிடம் விளக்குக்கும் விஷத்துக்கும் நடுவே அந்த வழி அறுந்துபோகிறது. அறுந்ததாகத் தோன்றுவது கேட்பவரின் பொறுமைக் குறையாகவும் இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு.

அதனால் "நிஜமா?" என்பதைவிட, "எப்போ, எதைப் பார்த்து அப்படித் தோணுச்சு?", "வேற காரணம் இருக்கலாமா?", "வீட்டுல மத்தவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்க வேண்டும். வீட்டார் வாதாடினால் நோயாளியின் கண்ணில் அவர்களும் சதியில் சேர்ந்தவர்களாகிவிடுவார்கள். ஆமாம் போட்டால் நம்பிக்கை இறுகும். "ராத்திரியெல்லாம் பயந்துகிட்டு தூங்காமத்தான் இருந்தியாம்மா?" என்று கேட்டால் பேச்சு தொடங்கும்.